வானொலி நேயர் ஆய்வில் குடும்பமும் தனிமனிதரும்

வானொலியை யார், எப்போது, எவ்விடத்தில், எவ்வளவு நேரம் கேட்கின்றனர் என்று அறியும்பொருட்டு நடத்தப்பெறும் கணக்கெடுப்புகளில், குடும்பங்களை வாழ்க்கைத்தரத்தைக் கொண்டு பல படிகளாகவும், அக்குடும்பத்தாரை வயது, பால், மொழி, கேட்கும் அளவு முதலியவற்றைக் கொண்டு பல பிரிவுகளாகவும் வகுக்கும் முறை நேயர் வகைப்பாடு எனப்படும். இவ்விரண்டும் வெவ்வேறு காரியங்கள். விளம்பரம் செய்யும் வியாபாரிக்குப் பொருளை வாங்கும் வீடு எது என்பது முக்கியம். நிகழ்ச்சியை அமைப்போருக்கோ கேட்கும் செவி யாருடையது என்பது முக்கியம். இருவருடைய தேவையையும் ஒரே வினாத்தாளால் நிறைவேற்ற முயன்றதிலிருந்தே இத்துறையின் சிக்கல்களில் பெரும்பாலானவை தோன்றின.

குடும்பம் என்பதை வரையறுப்பதே முதல் வேலை. இந்திய ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலில் உண்போர் ஒரு குடும்பம். ஆகையால் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அண்ணனும் தம்பியும் தனித்தனி உலை வைத்தால் அவர்கள் இரு குடும்பத்தார்; இரத்த சம்பந்தம் எதுவுமின்றி அறை எடுத்துத் தங்கி, கூடிச் சமைத்து உண்ணும் நான்கு பேரை ஒரே குடும்பமாகக் கொள்ளவும் இடமுண்டு. நேயர் ஆய்வாளரும் இந்த அடுப்புக் கணக்கையே பெரிதும் தழுவினர்.

அடுத்தது படி நிர்ணயம். வருமானத்தை நேரடியாகக் கேட்டால் மக்கள் மறைத்துச் சொல்வர், அல்லது சொல்லவே மறுப்பர் என்பதனால், அதற்கு அடையாளமாக வேறொன்றைக் கொள்வது உலகெங்கும் வழக்கமாயிற்று. பிரிட்டனில் 1956இல் தொடங்கிய தேசிய வாசகர் கணக்கெடுப்பின் வழியாகப் பரவிய முறை, குடும்பத்தின் பிரதான சம்பாத்தியக்காரரின் உத்தியோகத்தைக் கொண்டு ஏ, பி, சி1, சி2, டி, இ என ஆறு படிகளை அமைத்தது. குமாஸ்தா சி1; தேர்ச்சி பெற்ற கைத்தொழிலாளி சி2. இருவருடைய சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தபோதிலும் அவர்களை இரு படிகளில் நிறுத்தியது, அந்நாட்டின் வர்க்க உணர்ச்சி அட்டவணைக்குள் நுழைந்ததன் விளைவென்றே கொள்ள வேண்டும்.

இந்தியாவில் 1980களில் உருவான சமூகப் பொருளாதார வகைப்பாடு உத்தியோகத்தோடு கல்வியையும் சேர்த்துக்கொண்டது. நகரங்களில், குடும்பச் செலவுக்கு மிகுதியாகப் பொருள் தருபவர் எவரோ அவருடைய தொழிலை ஒருபுறமும் படிப்பை மறுபுறமும் எழுதி, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஏ1 முதல் இ2 வரையிலான எட்டுப் படிகளுள் ஒன்று குறிக்கப்பட்டது. பட்டம் பெற்ற உயர் அதிகாரியின் வீடு ஏ1. எழுத்தறியாத கூலித் தொழிலாளியின் வீடு இ2. கிராமங்களுக்குத் தொழில் அளவுகோலாகப் பொருந்தாது என்று கருதி, சம்பாதிப்பவரின் கல்வியையும், சுவரும் கூரையும் உறுதியான பொருள்களால் ஆனவையா, மண்ணும் கீற்றுமா, ஒன்று மட்டும் உறுதியானதா என்ற வீட்டின் தன்மையையும் கொண்டு ஆர்1 முதல் ஆர்4 வரை நான்கு படிகள் வகுக்கப்பட்டன. நகரத்தானையும் கிராமத்தானையும் ஒரே தராசில் நிறுக்க இயலாமற்போனது இம்முறையின் பெருங்குறை.

அக்குறையைத் தீர்க்கவே 2011இல் புதிய வகைப்பாடு வந்தது. அது தொழிலை அறவே கைவிட்டு, பிரதான சம்பாத்தியக்காரரின் கல்வியையும், மின்இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வாகனம், வண்ணத் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி, கார், குளிர்சாதனம், விவசாய நிலம் ஆகிய பதினொன்றில் எத்தனை வீட்டில் உண்டு என்பதையும் கொண்டு, நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவாக ஏ1 முதல் இ3 வரை பன்னிரண்டு படிகளை அமைத்தது. இப்பட்டியலில் வானொலிப் பெட்டி இல்லை. வசதியின் அடையாளமாகக் கூடத்தில் வைத்துப் பேணப்பட்ட ஒரு சாதனம், அவ்வாறு கொள்ளத் தகாத அளவுக்குச் சாமானியமாகிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டின் படி தெரிந்தாலும் நேயர் யாரென்று தெரிவதில்லை. ஏ1 என்று எழுதப்பட்ட வீட்டில், கணக்கெல்லாம் தந்தையின் படிப்பைப் பற்றியதாயிருக்க, காலை முதல் வானொலியோடு இருப்பவர் சமையலறையில் உள்ள தாயாராகவோ, அவருக்குத் துணைநிற்கும் பணிப்பெண்ணாகவோ இருக்கலாம். அப்பணிப்பெண் அவ்வீட்டுக் கணக்கில் சேரமாட்டார். தம் வீட்டிலோ அவர் இ படியினர். கதவைத் திறப்பவரையே வினவி மீண்டால், பகலில் வீட்டிலிருப்போர் மட்டுமே ஏட்டில் ஏறுவர். இதனைத் தடுக்க லெஸ்லி கிஷ் என்னும் புள்ளியியலாளர் 1949இல் ஒரு முறையை வெளியிட்டார். வீட்டிலுள்ள பெரியவர்களில் ஆண்களை முதலிலும் பெண்களைப் பின்னரும் வயதின் இறங்குவரிசையில் எழுதி எண்ணிட வேண்டும். அவ்வீட்டுக்கென்று முன்னரே குறிக்கப்பட்ட அட்டவணை, இத்தனை பேர் இருந்தால் இன்ன எண்ணுடையவர் என்று சொல்லிவிடும். அவர் வயலுக்கோ கடைக்கோ போயிருந்தால் மாலையில் மீண்டும் வர வேண்டுமேயன்றி, இருப்பவரைக் கொண்டு இட்டு நிரப்பலாகாது. வினவுவோரின் மனச்சாய்வுக்கு இடமே வைக்காத இந்த ஏற்பாட்டை இத்துறையின் மிகச் சிறந்த சாதனை எனலாம்.

கேட்டதை அளக்கும் முறைகளும் வீட்டிலிருந்தே தொடங்கின. அமெரிக்காவில் 1930இல் ஆர்ச்சிபால்டு கிராஸ்லி, முன்பு கேட்டவற்றை நினைவுகூரச் சொல்லித் தொலைபேசியில் வினவினார்; 1934இல் தொடங்கிய ஹூப்பர் நிறுவனத்தார், மணி அடித்த அந்தக் கணத்தில் என்ன கேட்டுக்கொண்டிருந்தீர் என்று வினவினர். தொலைபேசி இல்லாத வீடுகள் இரண்டிலும் விடுபட்டன. நீல்சன் நிறுவனம் 1942இல் ஆய்வுக்குப் பயன்படுத்திய கருவி, பெட்டி எப்போது திறக்கப்பட்டது, எந்த நிலையத்தில் நின்றது என்பதைப் பிழையின்றிப் பதிந்ததேயன்றி, எதிரில் ஒருவரேனும் அமர்ந்திருந்தாரா என்பதை அறியவில்லை. நாட்குறிப்பு முறையோ தனிமனிதரிடம் செல்கிறது. ஒரு வாரத்தை நாள்தோறும் கால்மணிகளாகப் பிரித்த ஏட்டில் அவரவர் கேட்டதைக் குறிக்க, ஒரு கால்மணியில் ஐந்து நிமிஷமேனும் கேட்டவர் அந்நிலையத்தின் நேயர் எனப்படுவார். இந்தியாவில் 2007இல் தில்லி, மும்பை, பெங்களூர் ஆகிய நகரங்களில் தொடங்கிய வானொலி அளவீடும் நாட்குறிப்பையே கைக்கொண்டது. அன்றன்று எழுதாமல் வாரக்கடைசியில் ஞாபகத்தைக் கொண்டு நிரப்புவோர் பலர் என்பது இதன் தீராக் குறை.

பொதுவிடத்தில் கேட்போரை வகைப்படுத்துதல் இன்னும் கடினம். சென்னை நகராண்மைக் கழகம் 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியின் வாயிலாகக் கேட்டவர்களும், பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சாயத்து வானொலியைச் சூழ்ந்து அமர்ந்தவர்களும், சொந்தப் பெட்டி இல்லாத நேயர்கள். பெட்டிகளையோ லைசென்ஸுகளையோ எண்ணினால் இவர்கள் ஒருவரும் அகப்படார். தேநீர்க்கடை, பேருந்து, பணியிடம் என்று கேட்கும் இடத்துக்கெனத் தனிப் பத்தி வகுத்த பின்னரே இவர்கள் கணக்கில் வந்தனர். அமெரிக்காவில் 2007இல் பிலடெல்பியாவில் முதலில் நடைமுறைக்கு வந்த, உடம்பில் அணியும் அளவுகருவி, ஒலிபரப்பில் மறைந்துள்ள குறியொலியை மனிதர் செல்லுமிடமெல்லாம் பிடித்துக்கொள்கிறது. ஆயினும் கடையில் ஒலித்தது காதில் விழுந்ததையும், விரும்பிக் கேட்டதையும் அது வேறுபடுத்துவதில்லை.

விருப்பத்தை அளக்கும் முயற்சி தனிவழியே சென்றது. பி.பி.சி.யில் 1936இல் நேயர் ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் சில்வி, கடிதம் எழுதுவோர் நேயர் அனைவருக்கும் பிரதிநிதியாகார் என்று உணர்ந்து, 1939இன் இறுதியிலிருந்து நாள்தோறும் மக்களை நேரில் வினவச் செய்தார். அதற்குப் புறம்பாக, நிகழ்ச்சியைக் கேட்டு மதிப்பெண் இடும் நேயர் குழுக்களையும் அமைத்தார். எத்தனை பேர் கேட்டனர் என்னும் எண்ணையும், கேட்டவர் எவ்வளவு மகிழ்ந்தனர் என்னும் மதிப்பையும் அவர் ஒன்றாகக் கூட்டவில்லை. சிலரே கேட்ட நிகழ்ச்சியொன்று அவர்களிடையே மிக உயர்ந்த மதிப்பைப் பெறக்கூடுமாதலால், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்படி நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு அனுப்பினார்.