ரோகிணியும் சுறையாவும்: வகுப்பில் வந்த ஒரு கேள்வி



சென்ற கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், தொட்டுப் பார்க்க ஏலாத நட்சத்திரத்துக்குள்ள என்ன இருக்கெண்டு எப்படித் தெரியும்?" பதில் சொல்லுமுன் மணி அடித்துவிட்டது. இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி மாதம் மழை விட்ட இரவில், இஷா தொழுதுவிட்டு வரும்போது அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாக மினுங்கும் சிறு கூட்டம் கார்த்திகை. அரபியில் அது சுறையா. நம் பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் அதே பெயர். அதன் பின்னால் செந்நிறமாக வருவது ரோகிணி. அரபியில் அத்தபரான், 'பின்தொடர்பவன்'. 10ஆம் நூற்றாண்டிலேயே அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி தன் நட்சத்திர நூலில் இவற்றின் இடத்தையும் பிரகாசத்தையும் எழுதி வைத்தார்.

ரோகிணி வயதான நட்சத்திரம். சூரியனைவிட 40 மடங்குக்கு மேல் பருத்தது. நம் சூரியனும் ஒருநாள் இப்படித்தான் ஆகும்.

நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு. இலிதியத்தின் கோடு சிவப்பில், 670.8 நனோமீற்றரில் விழும். தொடத் தேவையில்லை, வாசித்தால் போதும்.

நட்சத்திரம் பருக்கும்போது, ஆணத்தைத் துழாவுவதுபோல அதன் உட்பகுதி கலக்கப்படுகிறது. ஆழத்தில் உண்டான நைதரசன் மேலே வரும். மேலே இருந்த இலிதியம் கீழே போய், ஏறத்தாழ 25 இலட்சம் பாகை வெப்பத்தில் அழியும். ஆகவே கிழட்டு நட்சத்திரத்தில் இலிதியம் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். பாடம் அப்படித்தான் சொன்னது.

ஆனால் 1982இல், இலிதியம் நிறைந்த ஒரு கிழட்டு நட்சத்திரத்தை அமெரிக்க ஆய்வாளர் இருவர் அறிவித்தார்கள். அது விதிவிலக்கா?

தேடியவர்களில் நமக்குக் கிட்டியவர்கள் இந்தியர்கள். தமிழ்நாட்டில், வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூர் என்றொரு சிற்றூர். வேணு பாப்பு கனவு கண்ட 2.3 மீற்றர் தொலைகாட்டி, அவர் மறைந்த பின், 1986இல் அங்கே திறக்கப்பட்டது. அங்கும் இமயத்தின் ஹன்லேயிலும் பாரத் குமார், ஈஸ்வர் ரெட்டி குழுவினர் சுமார் 2000 நட்சத்திரங்களைச் சலித்தார்கள். 2011இல் வந்த முடிவு: புதிதாகப் 15.

2020இல் அதே இருவரும் வேறு சிலரும் அவுஸ்திரேலியத் தொலைகாட்டித் தரவுகளை ஆராய்ந்து இன்னொன்று சொன்னார்கள். சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் நடுவில் ஈலியத்தை எரிக்கத் தொடங்கிய பிறகு, அவற்றில் இலிதியம் சராசரியாக 40 மடங்கு கூடுகிறது. விதிவிலக்கல்ல, வழமை. எப்படிக் கூடுகிறது, உண்மையிலேயே எல்லாவற்றிலும் கூடுகிறதா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

பெற்றோரே, இந்த வரலாறு முழுக்க "ஏன்?" என்று கேட்டவர்களுடையது. வீட்டில் பிள்ளை கேள்வி கேட்டால் "வாயை மூடு" என்று சொல்லிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போய், ரோகிணியைக் காட்டுங்கள்.