கம்பனிச் சட்டை அணிந்த அரசு



வீட்டுக்கு மின்சாரம் வழங்குதல், குடிநீர் தருதல், போக்குவரத்து நடத்துதல் ஆகியவற்றை அரசு தன் திணைக்களங்கள் வாயிலாகச் செய்யலாம். அன்றி, ஒரு கம்பனியைப் பதிவுசெய்து, பங்குகளைத் தானே வைத்துக்கொண்டு, ஒரு வியாபாரியைப் போல நின்றும் செய்யலாம். இவ்விரண்டாவது வழியை அரசு மேற்கொள்ளும்போது, குடிமகனுக்கு அரசின்பால் உள்ள உரிமைகள் யாதாகின்றன? ஜேர்மனி இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

முடியாட்சிக் காலத்து ஜேர்மன் நாடுகளில், மன்னனின் ஆணையை எதிர்த்து வழக்காடுதல் அரிதாக இருந்தது. அந்நிலையிற் சட்ட அறிஞர் ஓர் உபாயம் கண்டனர். அரசு வேறு, அதன் திறைசேரி வேறு என்றனர். திறைசேரியைத் தனியார் ஒருவரைப் போலக் கருதி, அதனை நீதிமன்றுக்கு அழைக்கலாம் என்றனர். மன்னன் எடுத்துக்கொண்ட நிலத்தை மீட்க இயலாவிடினும், திறைசேரியிடம் நட்டஈடு கேட்க வழி பிறந்தது. எனவே, தனியார் சட்டம் முதலிற் குடிமகனுக்குக் கேடயமாகவே அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்கள் பெருகின. எரிவாயு, குடிநீர், மின்சாரம், டிராம் வண்டி ஆகியவற்றை நகர சபைகள் தாமே நடத்தத் தலைப்பட்டன. காலப்போக்கில் இவற்றுட் பல, கம்பனி வடிவம் பெற்றன. கடன் பெறுதலும் ஊழியரை அமர்த்துதலும் அதனால் எளிதாயின. ஆயின், ஓர் ஆபத்தும் உடன் வந்தது. தனி வியாபாரி, தான் விரும்பாதவரை விலக்கலாம். அரசுக்கோ யாவரையும் சமமாக நடத்தும் கடமை உண்டு. கம்பனிச் சட்டையை அணிந்த அரசு, அக்கடமையைக் கழற்றி வைத்துவிடுமோ என்ற ஐயம் எழுந்தது. சுவிற்சர்லாந்துச் சட்ட அறிஞர் பிரிட்ஸ் பிளைனர், 1928ஆம் ஆண்டில் இப்போக்கினைத் தனியார் சட்டத்துக்குள் தப்பியோடுதல் எனப் பெயரிட்டார். கேடயமாக இருந்தது, இப்பொழுது அரசு மறைந்துகொள்ளும் திரையாகிவிட்டது.

1949இல் இயற்றப்பட்ட மேற்கு ஜேர்மனியின் அரசியற் சட்டம், அடிப்படை உரிமைகள் அரசின் எல்லா அதிகாரங்களையும் கட்டுப்படுத்தும் என விதித்தது. கம்பனியையும் கட்டுப்படுத்துமோ? 2003இல் பிராங்பேட் விமான நிலையத்தில், நாடுகடத்தலை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் வழங்கியோருள் ஒரு பெண்மணியும் இருந்தார். இனி அனுமதியின்றி அவ்வாறு செய்யலாகாது என நிலையத்தை நடத்திய கம்பனி அவரைத் தடுத்தது. அக்காலை அதன் பங்குகளில் 70 சதவீதமளவு மத்திய அரசிடமும், ஹெசன் மாநிலத்திடமும், பிராங்பேட் நகரிடமும் இருந்தன. இடத்துக்கு உரியவர் தடுக்கலாம் எனக் கீழ் நீதிமன்றுகள் கூறின. அப்பெண்மணி தளரவில்லை. 2011 பெப்ரவரி 22ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பங்குகளிற் பாதிக்கு மேல் அரசின் கையில் இருப்பின், அக்கம்பனி அடிப்படை உரிமைகளுக்கு நேராகக் கட்டுப்பட்டதே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நமது இலங்கையிலும் இவ்வெண்ணம் வேரூன்றியுள்ளது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், அரசு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு கொண்ட கம்பனிகளையும் பொது அதிகாரசபைகளாகவே கொள்கின்றது. ஆதலால், அத்தகைய கம்பனியிடம் கணக்கையும் காரணத்தையும் கேட்டு விண்ணப்பிக்கும் குடிமகன், சலுகை ஒன்றை வேண்டி நிற்பவன் அல்லன், தனக்குரியதையே கேட்கின்றான்.