உத்தப்புரத்துச் சுவர்

மதுரை மாவட்டத்தின் மேற்கே, எழுமலையை அடுத்துள்ள சிற்றூர் உத்தப்புரம். 1989ஆம் ஆண்டு அங்கே சாதிக் கலவரம் மூண்டது. அதன் பின்னர்ப் பிள்ளைமார் தெருக்களுக்கும் நம் மக்கள் குடியிருப்புக்கும் இடையே ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்தில் ஒரு சுவர் எழுந்தது. இரு தரப்பாரும் கையொப்பமிட்ட உடன்பாட்டின்படியே கட்டினோம் என்பது எழுப்பியவர்களின் வாதம். கலவரத்தில் நொந்து கிடந்தவனிடம் பெற்ற கையொப்பத்தை உடன்பாடு என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. சுவரால் நம் மக்கள் பெருஞ்சாலையை அடையச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இளம் ஆசிரியனாக அவ்வழியே பேருந்தில் பலமுறை சென்றவன் நான். வரலாறு கற்பிக்கும் எனக்கு, அச்சுவர் ஏன் நிற்கிறது என்று ஒருவரையேனும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர்கள் வேறு சிலர். 2007ஆம் ஆண்டு மார்க்சிஸ்ட் கட்சியினர் முன்னின்று, பல வெகுஜன அமைப்புகளின் துணையோடு தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியைத் தோற்றுவித்தனர். மேடை முழக்கத்தோடு நின்றுவிடாமல் அவ்வமைப்பினர் ஊர் ஊராகச் சென்றனர். தேநீர்க் கடையில் தனிக் குவளை உண்டா, கோயிலுக்குள் விடுகிறார்களா, பொதுப்பாதையில் நடக்க முடிகிறதா என வினவிக் குறித்துக்கொண்டனர். எளிய பணிதான், ஆயினும் 18 ஆண்டுகளாக எல்லார் கண்ணெதிரேயும் நின்ற சுவர் அதன் பின்னரே நாட்டின் கண்ணுக்குப் பட்டது. 2008 ஏப்ரலில், அதன்மேல் மின்கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சியிருந்த கொடுமை நாளேடுகளில் வெளிவந்தது. கம்பிகள் அகன்றன, சுவர் அகலவில்லை.

போராட்டம் வலுத்தது. மே 7ஆம் நாள் பிரகாஷ் காரத் வருவார் என்று அறிவிக்கப்பட்டிருக்க, முதல்நாள் காலையிலேயே மாவட்ட நிர்வாகம் பெரும் காவலுடன் சுவரில் 15 அடி அளவுக்கு இடித்து வழி திறந்தது. அதை ஏற்காத பிள்ளைமார் குடும்பத்தினர் ஊரை விட்டு வெளியேறி மலையடிவாரத்தில் தங்கினர். அவ்வாண்டு நவம்பரில் காவல்துறை சுட்டதில் நம்மவர் ஒருவர் உயிர் துறந்தார். அந்த 15 அடிக்குக் கொடுத்த விலை சிறிதன்று.

பின்னர்ப் பேச்சுவார்த்தைகள் தொடர்ந்தன. 2011 அக்டோபரில் இரு தரப்பாரும் உடன்பாடு கண்டனர். நவம்பர் 10ஆம் நாள் நம் மக்கள் முத்தாலம்மன், மாரியம்மன் கோயிலுக்குள் காவல் பாதுகாப்போடு சென்று வழிபட்டனர். சுவரின் பெரும்பகுதி அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தது.