ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான வேலைவாய்ப்பு: தருமபுரி மாவட்டம்

ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு ஏற்ற வேலையைக் கண்டறிவதில் பார்க்க வேண்டியவை இரண்டு. அவருடைய கவனம் எதில் ஊன்றி நிற்கிறது என்பது ஒன்று. எந்த ஓசை, எந்த வாடை, எத்தகைய கூட்டம் அவரை நிலைகுலைய வைக்கிறது என்பது மற்றொன்று. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. வயது ஏறியதும் அது மறைந்துவிடுவதில்லை. ஒருவர் பொறியியல் பட்டம் பெறுகிறார், இன்னொருவர் பேச்சின்றியே வளர்கிறார். எனவே எல்லாருக்கும் பொருந்தும் வேலைப் பட்டியல் என்று ஒன்று இருக்க முடியாது. படித்தவருக்குக் கணினி, மற்றவருக்கு மெழுகுவத்தி செய்தல் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது அநீதி.

பெரும்பாலோர் தடுக்கி நிற்கும் இடம் நேர்காணல். கண்ணைப் பார்த்துப் பேசுவது, எதிர்பாராத கேள்விக்கு உடனே விடை சொல்வது, தன்னைப் பற்றித் தானே பெருமையாகக் கூறுவது ஆகியவற்றையே அது சோதிக்கிறது. சரக்கைச் சரிபார்க்கும் திறனையோ கணக்கில் பிழை காணும் திறனையோ சோதிப்பதில்லை. டென்மார்க்கில் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான தோர்கில் சோன்னெ 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்னெ நிறுவனம், பேச்சுக்குப் பதிலாகச் செய்முறைப் பணிகளைக் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தது. அதனுடன் சேர்ந்து எஸ்ஏபி மென்பொருள் நிறுவனம் 2013இல் ஒரு வேலைத்திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்பே அந்நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் ஆட்டிசம் உள்ள ஆறு பேர் மென்பொருள் சோதனைப் பணியில் சேர்ந்திருந்தனர். தருமபுரி இளைஞர்கள் பலர் வேலை தேடிப் போகும் பெங்களூருதான் அப்பிரிவின் தலைமையிடம்.

ஆனால் தருமபுரி அடிப்படையில் வேளாண் மாவட்டம். அதற்குப் பொருத்தமான முன்மாதிரி ஒரு பண்ணையிலிருந்து கிடைக்கிறது. மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் ஆட்டிசம் பற்றி வெளியிட்ட கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்டவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்ளெட். சிறுவயதில் அவர் ஓர் உழவர் தம்பதியின் வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் அவருடைய பழக்கத்தை அவர்கள் தடுக்கவில்லை. சோள வரிசைகளை எண்ணவும் கிணற்றின் ஆழத்தை அளக்கவும் விட்டனர். எண்ணியபடியே அவர் உழவும் கற்றார். பின்னாளில் பட்டம் பெற்று, தம் குடும்பத்துக்குப் பங்கிருந்த ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். 2023இல் 89 வயதில் காலமானார். குடும்பச் செல்வாக்கு அவருக்கு உதவியது உண்மை. எனினும், பழக்கத்தைக் குறையாகப் பார்க்காமல் வேலையாக மாற்றிய அந்த உழவரின் வழி எந்த ஊருக்கும் பொருந்தும்.

தருமபுரியில் அதற்கு நல்ல இடம் பட்டுப்புழு வளர்ப்பு. புழு நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாளில் கூடு கட்டத் தொடங்குகிறது. குறித்த நேரத்தில் மல்பெரி இலை போடுவது, தோலுரிக்கும்போது இலையை நிறுத்துவது, புழு வளர்ப்பு மனையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்து எழுதுவது, அறுவடைக்குப் பின் கறைபட்ட கூட்டையும் இரட்டைக் கூட்டையும் பிரித்தெடுப்பது என ஒவ்வொரு வேலைக்கும் தெளிவான விதி உண்டு. மாறாத ஒழுங்கில் நிம்மதி காண்பவருக்கு இது உகந்தது. அதே தொழிலில் கிருமிநீக்கத்துக்கான பிளீச்சிங் பவுடர் நெடியும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியின் ஏலக் கூச்சலும் உண்டு. அவற்றைத் தாங்க முடியாதவர் மனைக்குள் உள்ள பணியை ஏற்க, ஏலத்துக்கு வீட்டில் வேறொருவர் போகலாம். ஒரு தொழிலை முழுதாகக் கொள்ளவோ தள்ளவோ வேண்டியதில்லை. கூறு கூறாகப் பிரித்துப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். பழநாற்றுப் பண்ணை, பால் சங்கப் பதிவேடு, நூலகம், தட்டச்சு ஆகியவற்றையும் இப்படியே ஆராய வேண்டும்.

பணியிடத்தில் தேவைப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் செலவில்லாதவை. வேலையை எழுத்திலோ படத்திலோ வரிசையாகக் காட்டுவது, சந்தேகம் கேட்க ஒரே ஒருவரை அமர்த்துவது, நேரம் மாறினால் முன்னதாகச் சொல்வது, இரைச்சலுக்குக் காதடைப்பான் அனுமதிப்பது ஆகியவை போதும். போக்குவரத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். பென்னாகரத்திலோ அரூரிலோ இருந்து நெரிசலான பேருந்தில் வந்து சேர்வதற்குள் ஒருவர் களைத்துவிட்டால், எவ்வளவு நல்ல வேலையும் நிலைக்காது. வழித்தடத்தையும் பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

அரசு வேலையை நாடுவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் தனி வகையாக இடம்பெறவில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்து, அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த நான்கில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோர் பகிர்ந்துகொள்கின்றனர். இந்த ஒதுக்கீட்டைப் பெற, 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பைக் காட்டும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிலும் அச்சான்றைச் சேர்த்துக்கொள்வது அவசியம்.