கோடையும் கொடையும்

தெற்கே கயத்தாறு, வடக்கே சாத்தூர், கிழக்கே எட்டயபுரமும் விளாத்திகுளமும், மேற்கே கழுகுமலை என்று கோவில்பட்டியை நடுவில் வைத்துப் பரந்து கிடக்கும் கரிசல் பூமியில், ஆற்றுப் பாசனமென்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஏதுமில்லாத காரணத்தால், சம்சாரியின் வருஷம் முழுவதும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை அனுசரித்தே வகுக்கப்பட்டிருந்தது. புரட்டாசியில் புழுதி விதைப்பு, மார்கழி வரையில் களையெடுப்பு, தையிலும் மாசியிலும் கம்பு, சோளம், உளுந்து அறுவடை, அதன்மேல் பருத்தி எடுப்பு என்று ஆறேழு மாதம் மனிதனையும் மாட்டையும் ஓயவிடாத அதே மண், வெயில் ஏறி வெடிப்பு விட்ட பிறகு இருவரையும் ஏறக்குறைய ஒருசேர விடுதலை செய்துவிடும். கண்மாயில் கரம்பை அள்ளி வண்டியில் அடிப்பதைத் தவிரப் பெரிய வேலை எதுவுமில்லாத அந்த நீண்ட அவகாசத்தில், அடுத்த புரட்டாசிக்குள் தேகம் தளர்ந்துவிடாதபடி காப்பாற்றியவை ஊர்க் கோவில் விழாக்களான கொடைகளும் உற்சவங்களுமே என்பது என் அபிப்பிராயம்.

சித்திரை முதல் தேதியில் பொன்னேர் பூட்டும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். வருஷப் பிறப்பன்று ஊரிலுள்ள ஏர்களெல்லாம் ஒரே நிலத்தில் வரிசையாக இறங்கிச் சில சால் உழுதுவிட்டுத் திரும்பும். மழையில்லாத காலத்தில் அந்த உழவினால் விளையப்போவது ஒன்றுமில்லை. ஆயினும் பண்டிகையின் முதற் காரியம் மேழி பிடிப்பதாக இருந்தது. பங்குனி மாதத்திலோ, கோவில்பட்டியில் செண்பகவல்லியம்மன் உடனுறை பூவனநாதர் தேரும், கழுகுமலையில் முருகனுடைய தேரும் வடம்பிடித்து இழுக்கப்பட்டன. வடத்தைத் தொட்டவன் பக்தனா, பலசாலியா என்று பிரித்தறிவது கடினம்.

பொங்கலுக்கு வாலிபர்கள் கூடிய இடம் மந்தையிலோ சாவடி முன்னிலோ கிடந்த இளவட்டக்கல். பெரும்பாலும் நூறு கிலோவை ஒட்டிய கனமும், பிடிப்பதற்கு விளிம்போ குழியோ இல்லாத வழவழப்பும் கொண்ட அந்த உருண்டைக் கல்லைக் குத்தவைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோய் முதுகுப்புறமாகத் தள்ளுவது முறை. வெறும் புஜபலம் மட்டும் உள்ளவன் முழங்காலோடு நின்றுவிடுவான். இடுப்பையும் மூச்சையும் ஆளத் தெரிந்தவனே தோளுக்கு ஏற்றுவான். கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். முறைப்பெண் வீட்டிலிருக்க, கல் அசையவில்லை என்பதற்காக ஒரு கல்யாணம் நின்றிருக்கும் என்று நம்புவதற்கு எனக்குத் தைரியம் போதவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பனகுடிப் பக்கத்து வடலிவிளையில் பொங்கலன்று இந்தப் போட்டி இன்றும் நடந்துவருகிறது. அங்கே பெண்களும் பங்குகொள்கிறார்கள்.

சிலம்பத்துக்கோ இதைவிடச் சிக்கலான சரித்திரம் உண்டு. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு, 1801இல் அவர் தம்பி ஊமைத்துரையின் எழுச்சியும் அடக்கப்பட்டுப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமான பின்னர், அவ்வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரரின் கோட்டைகளை இடிக்கவும், ஈட்டி, துப்பாக்கி முதலிய ஆயுதங்களை ஜனங்கள் வைத்துக்கொள்ளாதிருக்கவும் உத்தரவிட்டது. ஆடு மேய்ப்பவனுக்கும் வண்டி ஓட்டுபவனுக்கும் ஊன்றுகோலாயிருந்த கம்பை மட்டும் எந்தச் சர்க்காராலும் பறிமுதல் செய்துவிட முடியாதல்லவா? கொடை நாட்களில் சாமி ஊர்வலத்தின் முன்னே மேளத்துக்கு இசையக் கம்பு சுழற்றும் வழக்கம் இப்பகுதியில் இத்தனை வேரோடி நின்றதற்கு, போர்வித்தை கோயில் வாசலில் அடைக்கலம் புகுந்ததும் ஒரு காரணமென்று ஊகிப்பது தவறாகாது. ராஜகம்பளத்தார் சமூகத்தின் தேவராட்டத்திலும், உறுமியின் அடிக்குத் தக்கபடி குதித்தும் குனிந்தும் மாறும் கால்களில், ஒரு சேனையின் அணிவகுப்பு ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

தேகாப்பியாசத்தைப் பற்றி எழுதுவோர் பெண்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முளைப்பாரி வளர்க்கும் ஊர்களில், ஓடுகளிலும் சட்டிகளிலும் நவதானியத்தை விதைத்து இருட்டறையில் வைத்த நாள் முதல் அது கரைக்கப்படும் நாள் வரையில், இரவுதோறும் நடுவில் பாரி இருப்பதாக நினைத்து வட்டமாகச் சுற்றிக் கும்மியடிப்பது அவர்களுடைய பொறுப்பு. பகலெல்லாம் பருத்திக் காட்டிலும் அடுப்படியிலும் குனிந்து நிமிர்ந்த அதே இடுப்பு, இராத்திரியில் பாட்டுக்கேற்ப மறுபடியும் குனிந்து நிமிரும். ஆண்களின் கல்லுக்கு வருஷத்தில் ஒருநாள்தான். கும்மிக்கோ தொடர்ந்து ஏழெட்டு இரவுகள். பலத்தை அளப்பதற்கு இவற்றுள் எது சிறந்த கோல் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நடையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆடி கடைசி வெள்ளிக்கு அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடிக்கும், தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கும், ஆகஸ்ட் 15ஆம் தேதிப் பெருவிழாவுக்கு வீரமாமுனிவர் ஊழியம் செய்த காமநாயக்கன்பட்டி மாதா கோவிலுக்கும் ஜனங்கள் கால்நடையாகவே போனார்கள், இன்னும் போகிறார்கள்.

இவையெல்லாம் எல்லோருக்கும் பொதுவாயிருந்தன என்று நினைத்துவிடலாகாது. எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு முற்றி, 1895ஆம் வருஷப் பங்குனி உத்திரத்தன்று கழுகுமலையில் மூண்ட கலகம் உயிர்ச்சேதத்தில் முடிந்தது. அந்தச் சரித்திரத்தைப் பூமணி தம் ‘அஞ்ஞாடி’ நாவலில் விஸ்தாரமாகக் கையாண்டிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பஞ்சாங்கத்தை மாற்றியது வானமல்ல, தீப்பெட்டி. 1923இல் சிவகாசியில் வேரூன்றிய தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவி, கிராமந்தோறும் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ முளைத்தபின், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருஷம் முழுவதும் கூலி கிடைத்தது. உட்கார்ந்த இடத்தில் கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டும் வேலைக்குத் தோள்வலி தேவையில்லை, விரல்வேகமே தேவை. அந்த நீண்ட கோடை ஓய்வு போய், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சில நாள் லீவு என்று ஆனது. பஞ்சத்துக்குப் பயந்து வாழ்ந்த ஜனங்களுக்கு இது பெரிய அனுகூலமே. இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கல்லைப் பழகுவதற்கு வேண்டிய சாவகாசம் அதனோடு போய்விட்டது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் நின்ற மாட்டுவண்டிப் பந்தயம் மட்டும், 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்ற பழைய பிரிவுகளோடு கொடைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

கோடை ஓய்வின் மிச்சம் இப்போது பள்ளிப் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. அவர்களோ கையில் ஹாக்கி மட்டையை எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஹாக்கி என்றவுடன் சொல்லப்படும் ஊர்களில் ஒன்றாகக் கோவில்பட்டி வளர்ந்து, செயற்கைப் புல்தரை மைதானமும் அரசின் பயிற்சி விடுதியும் பெற்றதுடன், லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியையும் கத்திரி வெயில் காயும் மே மாதத்திலேயே நடத்திவருகிறது. 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இவ்வூர் மாரீஸ்வரனும், இங்கே பயின்ற அரியலூர் கார்த்தியும் ஆடினார்கள்.