37 டிகிரியில் ஒரு குழாய் ரத்தம்

லேபுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை சாதாரண டிரேயில் போகும். சில ஐஸ் பெட்டியில் போகும். கிரையோகுளோபுலின் பார்க்க எடுத்த குழாய்க்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் ஃபிளாஸ்க் வேண்டும். ஊசியையும் குழாயையும்கூட முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும்.

ரத்தம் கொடுப்பவரைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கெண்டைக்காலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள்; தடவினால் கையில் மேடு தட்டும், அழுத்தினால் மறையாது. மூட்டு வலி, அசதி. சிறுநீர் நுரைக்கிறது, காலையில் முகம் வீங்குகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் பல வருடங்களாக உடம்பில் தங்கிவிட்டால், சிலருக்கு எதிர்ப்புச் சக்தியே திசைமாறி, தன் எதிர்ப்புப் புரதங்களின் மேலேயே ஒட்டும் இன்னொரு புரதத்தை உண்டாக்கும். இரண்டும் சேர்ந்த கட்டிகள் சிறு ரத்தக் குழாய்களிலும் சிறுநீரக வடிகட்டிகளிலும் படிந்து அழற்சியைக் கிளப்பும். கிரையோகுளோபுலின் என்ற இந்தப் புரதம் மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி: குளிரில் திரளும், சூட்டில் கரையும். ஆனால் சிறுநீரகத்தில் படிய அதற்குக் குளிர் தேவையில்லை.

குளிரில் திரளும் இந்தப் புரதத்தை 1933-இல் வின்ட்ரோபும் பியூவெல்லும் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவரின் ரத்தத்தில் கண்டார்கள். 1966-இல் மெல்ட்சரும் ஃப்ராங்க்ளினும் புள்ளி, மூட்டு வலி, அசதி மூன்றையும் இதோடு சேர்த்து எழுதினார்கள். பல நோயாளிகளுக்கு இது ஏன் வந்தது என்றே அப்போது தெரியவில்லை. 1989-இல் ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. சீரத்தைக் குளிரவைத்தபோது குழாயின் அடியில் படிந்த வண்டலிலேயே வைரஸ் செறிந்திருந்தது.

லேபில் குழாய் 37 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் உட்காரும். ரத்தம் உறைய ஒரு மணி நேரம்போல ஆகும். சூடு குறையாமல் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை மட்டும் எடுத்து 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைப்பார்கள். ஒரு வாரம்வரை காத்திருக்க வேண்டும். அடியில் வெண்மையாகப் படிந்தால் மறுபடி சூடாக்கிப் பார்ப்பார்கள். கரைந்தால் அதுதான் ஆள். எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் குறுகிய குழாய்க்குப் பெயர் வின்ட்ரோப் குழாய். அதே வின்ட்ரோப்தான்.

லிப்டுக்குக் காத்திருந்தும் ஏசி அறை மேசையில் கிடந்தும் குழாய் வழியிலேயே ஆறிவிட்டால், புரதம் உறைந்த ரத்தக் கட்டியோடு இறங்கிக் குப்பைக்குப் போய்விடும். ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று வரும். அனுபவமுள்ள மருத்துவர் அதை அப்படியே நம்பமாட்டார். சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதத்தின் அளவு தரைதட்டியிருக்கிறது, எதிர்ப்புப் புரதங்களின் மேல் ஒட்டும் ருமட்டாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ், ஹெபடைடிஸ் சி-யும் பாசிட்டிவ் என்றால், இன்னொரு ஃபிளாஸ்க் கேட்பார். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க பயாப்சியும் செய்வார்.

சிகிச்சையில் முதல் வேலை வைரஸை ஒழிப்பது. முன்பு இன்டர்ஃபெரான் ஊசியில் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள்; இப்போது சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரம். சிறுநீரகம் வேகமாகக் கெட்டால் ஸ்டீராய்டும் ரிடுக்சிமாபும் கொடுப்பார்கள். ரிடுக்சிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், பார்க்காமல் விட்டால் தூங்கும் அந்த வைரஸ் எழுந்துவிடலாம். மிக மோசமானால் பிளாஸ்மா மாற்று. அங்கேயும் திரும்பி ஏறும் திரவம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வைரஸ் போன பிறகும் சிலருக்குப் புரதம் வருடக்கணக்கில் தங்கும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

காலில் இப்படிப் புள்ளிகளும் சிறுநீரில் நுரையும் சேர்ந்து வந்தால் ஹெபடைடிஸ் சி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.