வானத்துக்கு ஒரு பாலம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால், ஓட்டமாவடியில், நீரைக் கடந்து நிற்கும் பழைய இரும்புப் பாலத்தை அறியாதார் அப்பகுதியில் இலர். புதிய பாலம் எழும்வரை, புகையிரதமும் ஏனைய வாகனங்களும் அந்த ஒரே பாலத்தைப் பகிர்ந்து சென்றன. புகையிரதம் வரும் வேளையில் மற்றையோர் காத்து நிற்றல் வேண்டும். பாலம் ஒன்று அமையும்போது, யாருக்கு வழி கிடைக்கிறது, யார் காத்து நிற்கிறார் என்னும் கேள்வியும் உடன் எழுகிறது.

இதே கேள்வியை உள்ளே பொதிந்து, பூமிக்கும் வானத்துக்கும் இடையே பாலம் சமைக்கும் விஞ்ஞான நவீனம் ஒன்று எழுதப்பட்டது. அதற்குக் களமாய் அமைந்ததும் இலங்கைத் தீவே. அந்நூலை மதிப்பிடப் புகுமுன், வியப்புக் கதை இத்திசையில் வளர்ந்து வந்த வழியைச் சிறிது நோக்குதல் தகும்.

ஜின்களும் மந்திரவாதிகளும் உலவும் ஆயிரத்தோர் இரவுக் கதைகளைக் கேட்டு மகிழ்ந்த மக்களுக்கு அற்புதம் புதியதன்று. அக்கதைகளில் அரிய செயல் ஒன்று நிகழ்ந்தால், அது எவ்வாறு நிகழ்ந்ததென்று கேட்பாரில்லை. நாவல் என்னும் வடிவம் வந்தபோது இந்நிலை மாறத் தொடங்கிற்று. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை, 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. எகிப்தில் உயர்குடியிற் பிறந்து, இளமையிலே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்த ஒருவனின் வரலாறு அது. வியப்புக்கு அதிற் குறைவில்லை. ஆயினும் அவ்வியப்பை விளைவிப்பன மனிதரின் வஞ்சகமும் நட்பும் முயற்சியுமே.

இருபது ஆண்டுகளின் பின், 1905இல், சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மகசீன்' என்னும் ஆங்கில ஏட்டில், 'சுல்தானாவின் கனவு' என்ற சிறிய கதை வெளியாயிற்று. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணியான ரொக்கேயா சகாவத் ஹுசைன். அக்கதையின் நாட்டிலே பெண்கள் பல்கலைக்கழகம் அமைத்து, சூரிய வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கிறார்கள். வானிலிருந்து நீரை நேரே பெறுகிறார்கள். ஆடவரோ வீட்டினுள் அடைபட்டிருக்கிறார்கள்! வாசகர் முதலில் நகைப்பர். பின்னர், உண்மை உலகில் அடைபட்டிருப்போர் யாவர் என எண்ணுவர். கனவைக் கதையாக்கியதோடு அவர் அமையவில்லை. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் பெண்பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார்.

இனி, வானத்துப் பாலத்துக்கு வருவோம். 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 'சொர்க்கத்தின் ஊற்றுக்கள்' என்று பொருள்படும் பெயருடைய நாவலை 1979இல் வெளியிட்டார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுழலும் செய்மதி, பூமியோடு ஒத்துச் சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய செய்மதிகளால் உலகெங்கும் ஒலி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை வரைந்தவர் கிளார்க். அங்கிருந்து நிலம்வரை வடம் ஒன்றை இறக்கி அதன் வழியே ஏறிச் செல்லலாம் என்பது, யூரி ஆர்த்சுத்தானொவ் என்னும் சோவியத் பொறியியலாளர் 1960இல் வெளியிட்ட கருத்து. இதனையே கிளார்க் கதையாக்கினார். பாலத்தின் அடி பூமத்திய ரேகையில் அமைதல் வேண்டுமாதலால், இலங்கையை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' எனப் பழம்பெயரிட்டார். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேற்றுப் பெயருடன் அதில் இடம்பெறுகின்றன.

கணக்கு வழுவாத கற்பனை இந்நூலின் பெருமை. வடத்தின் வலிமை, காற்றின் வேகம், ஏறுவோரின் மூச்சு ஆகிய யாவற்றுக்கும் ஆசிரியர் பொறுப்புடன் விடை கூறுகிறார். ஆனால் மனிதரைப் பற்றிய இடத்தில் விடை தளர்கிறது. பாலம் அமையவேண்டிய மலையுச்சியில் துறவிகளின் மடம் உள்ளது. அவர்கள் இடம்விட மறுக்கின்றனர். பொன்னிறப் பட்டாம்பூச்சிகள் உச்சியை எட்டினால் மடம் நீங்கவேண்டும் என்பது அங்கு வழங்கும் பழங்கதை. செயற்கையாய் எழுந்த புயலொன்று அவற்றை மேலேற்ற, துறவிகள் அகல்கின்றனர். வழியில் வாழ்வோரின் இசைவைப் பெறுதல் என்னும் கடினமான வேலையைப் பொறியியலாளனிடமிருந்து எடுத்துப் பட்டாம்பூச்சிகளிடம் ஒப்படைத்துவிட்டார் ஆசிரியர். கணக்குக் கேட்ட கதை, ஈற்றில் அற்புதத்தின் துணையை நாடுகிறது. தீவின் உழவரும் மீனவரும் பெரும்பாலும் கண்ணிற் படாமையும் ஒரு குறையே.

தமிழிலே, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வெளிவந்தது. அதில் விஞ்ஞான விளக்கம் குறைவு. மனிதர் படும் பாடோ கண்முன் நிற்கிறது. குழந்தை பெறுதற்கும் அரசின் அனுமதி வேண்டப்படும் நாட்டிலே, நிலா என்னும் பெண்ணுக்கு ஜீனோ என்னும் இயந்திர நாய் துணையாகிறது. இயந்திரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதே அங்கு எழும் வினா.

ஆகவே இத்தகைய நவீனங்களைக் கற்போர் இரண்டு கேள்விகளை மறவாதிருத்தல் நன்று. காட்டப்படும் அற்புதம் எவ்வாறு இயல்கிறது? அதன் பொருட்டு யார் எதனை இழக்கிறார்? முதற்கேள்விக்குக் கிளார்க் சிறப்பாக விடையளித்தார். இரண்டாவதற்கு ரொக்கேயாவும் சுஜாதாவும் அவரினும் அணுக்கமாக விடை தேடினர். இரண்டுக்கும் ஒருங்கே விடைதரும் தமிழ் நவீனம், பாலத்தருகே காத்துநின்று பழகிய ஓட்டமாவடி மாணவர் ஒருவராலும் எழுதப்படக்கூடும். அதற்குரிய முதல் ஏடுகளைப் பள்ளி நூலகங்கள் அவர்க்கு அளித்தல் வேண்டும்.